மேலூருக்கு ஒருத்தர், கப்பலூருக்கு ஒருத்தர்: வீடு எங்கே பார்ப்பது?

மதுரையில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் முதலில் விசாரிப்பது தண்ணீரைத்தான். போர் தண்ணி உப்பா, நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதரம் வருது, மோட்டார் பொதுவா தனியா? அதற்குப் பிறகுதான் வாடகை, அட்வான்ஸ் எல்லாம். வீட்டுக்காரர் பதிலுக்கு ஒன்று கேட்பார்: "சார் எங்க வேலை பார்க்கிறாங்க?" சாருடைய வேலை இடத்தைச் சொன்னதும் புரோக்கர் அண்ணன் முந்திக்கொள்வார். "அப்ப இந்த வீடு உங்களுக்கு ரொம்பப் பக்கம்ணே. பத்து நிமிஷம்."

பக்கத்தில் நிற்கும் மேடம் எந்தப் பக்கம் வேலைக்குப் போகிறார் என்று யாரும் கேட்பதில்லை. நாங்கள் வீடு பார்த்த அத்தனை தெருக்களிலும் இதே கதைதான். இந்தப் பதிவு அந்தக் கேட்கப்படாத கேள்வியைப் பற்றியது.

எங்கள் நிலைமை இது. எனக்கு மேலூர் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை. என் கணவருக்குக் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை. மேலூர் மதுரைக்கு வடகிழக்கே, திருச்சி சாலையில். கப்பலூர் தென்மேற்கே, திருமங்கலத்துக்குச் சற்று முன்னால். நடுவில் முழு மதுரையும் இருக்கிறது. வைகை, கோரிப்பாளையம், சிம்மக்கல், பெரியார் பஸ் ஸ்டாண்ட், பழங்காநத்தம், பசுமலை எல்லாம் வழியில்தான். இப்படி எதிரும் புதிருமாக வேலைக்குப் போகும் தம்பதிகள் இந்த ஊரில் ஏராளம். ஒருவர் ஒத்தக்கடை ஹைகோர்ட்டில், மற்றவர் நாகமலைப் புதுக்கோட்டை தாண்டிப் பல்கலைக்கழகத்தில். ஒருவர் வடபழஞ்சி ஐ.டி. பூங்காவில், மற்றவர் திருப்புவனம் அரசு ஆஸ்பத்திரியில். அவர்கள் எல்லாருக்கும் இது தினசரிப் பிரச்சினை.

இந்த ஊரின் பழைய குடியிருப்புகளை யோசித்துப் பார்த்தால் இந்தச் சிக்கல் எவ்வளவு புதியது என்று தெரியும். தெற்கு வாசல் பக்கத்து சௌராஷ்டிர நெசவாளர் வீடுகளில் தறியும் அடுப்பும் ஒரே கூரைக்குள் இருந்தன. வேலைக்கு என்று யாரும் தெருவைத் தாண்ட வேண்டியதில்லை. பிறகு ரயில் வந்தது, ரயில்வே காலனி வந்தது. ஹார்வி மில் வந்தது, மில் தொழிலாளர்களுக்குத் திருப்பரங்குன்றம் பக்கம் ஹார்விபட்டி வந்தது. டி.வி.எஸ். நகர் வந்தது. 1966இல் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டு, அதைச் சுற்றிப் பல்கலை நகர் வந்தது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: ஒரு குடும்பம், ஒரு வேலை, ஒரு முதலாளி. வீட்டில் இன்னொருவருக்கும் இன்னொரு திசையில் வேலை இருக்கும் என்று அந்தக் காலனிகளின் வரைபடத்தைப் போட்டவர்கள் நினைக்கவில்லை. அந்தக் காலத்துக்கு அது சரிதான். ஆனால் இன்றைக்கும் "சார் எங்க வேலை?" என்று மட்டும் கேட்பது அந்த வரைபடத்திலிருந்து நாம் இன்னும் வெளியே வரவில்லை என்பதைத்தான் காட்டுகிறது.

அரசாங்கமே இந்தச் சங்கடத்தை உணர்ந்து வெகு காலமாகிறது. கணவனும் மனைவியும் முடிந்தவரை ஒரே ஊரில் பணியாற்ற வழி செய்ய வேண்டும் என்று ஒன்றிய அரசு தன் ஊழியர்களுக்காக 1986இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. 2009இல் அதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. தமிழ்நாட்டு ஆசிரியர் மாறுதல் கலந்தாய்விலும் கணவன் மனைவி முன்னுரிமை உண்டு. ஆனால் இதெல்லாம் அரசு வேலைக்குத்தான். தொழிற்பேட்டைக்காரருக்கும் நகைக்கடைக் கணக்கருக்கும் எந்தக் கலந்தாய்வு? அவர்கள் மாற்றிக்கொள்ளக் கூடியது வீட்டை மட்டும்தான்.

எல்லாரும் முதலில் சொல்லும் யோசனை: "நடுவுல பாருங்க." கேட்க நியாயமாக இருக்கும். இரண்டு பேருக்கும் சமமான கஷ்டம், யாருக்கும் மனக்குறை இல்லை. நாங்களும் சிம்மக்கல், ஆரப்பாளையம், எல்லிஸ் நகர் என்று நடுவில் தேடினோம்.

அப்போது ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் கணக்கு ஆசிரியை, கை சும்மா இருக்காது. ஒரு நேர்கோடு வரையுங்கள். ஒரு முனையில் மேலூர், மறுமுனையில் கப்பலூர். அந்தக் கோட்டின் மேல் வீட்டை எங்கே வைத்தாலும் இருவரும் சேர்ந்து போகும் மொத்தத் தூரம் ஒன்றுதான். நடுவில் வைத்தாலும், மேலூரிலேயே வைத்தாலும், கப்பலூர் வாசலில் வைத்தாலும் கூட்டுத்தொகை மாறாது. ஒருவருக்குக் குறைவது மற்றவருக்குக் கூடுகிறது, அவ்வளவுதான். ஆக, நடுவில் வீடு பார்ப்பதால் குடும்பத்துக்கு ஒரு கிலோமீட்டர்கூட மிச்சமாவதில்லை.

இது தாளில். தரையில் நிலைமை இன்னும் மோசம். மதுரையின் நடு என்பது கோயிலைச் சுற்றிய வீதிகள். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரமாக அடுக்கிய வீதிகள். மாட்டுவண்டியும் தேரும் போவதற்காக அமைந்தவை. வைகையைக் கடக்க இன்றைக்கும் நகரின் முதுகெலும்பு 1889இல் திறந்த ஏ.வி. பாலம்தான். மற்ற பாலங்கள் வந்திருக்கின்றன, தரைப்பாலங்கள் இருக்கின்றன. ஆனால் வைகை அணையிலிருந்து தண்ணீர் அதிகம் திறந்துவிட்டால் தரைப்பாலத்தை அடைத்துவிடுவார்கள். அன்றைக்கு எல்லா வண்டியும் கோரிப்பாளையத்தில்தான். சித்திரைத் திருவிழாவில் அழகர் தல்லாகுளம் வந்து இறங்கும் நாட்களைச் சொல்லவே வேண்டாம். அந்த நாட்களில் ஊர் அழகருடையது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நானும் கூட்டத்தில்தான் நிற்பேன். நடுவில் குடியிருந்தால் இருவருமே தினமும் இந்த நெரிசலிலிருந்து வெளியேறித்தான் வேலைக்குப் போக வேண்டும், இதற்குள் நுழைந்துதான் வீடு திரும்ப வேண்டும். சமமான கஷ்டம்தான். ஆனால் இரண்டு மடங்கு கஷ்டம்.

எங்களுக்கு விடை வந்தது மூன்றாவது ஓர் இடத்திலிருந்து. என் அம்மா வீடு கோ.புதூரில் இருக்கிறது. மகளின் பள்ளியும் அங்கே பக்கத்தில்தான். பள்ளி விட்டதும் அவள் போவது அம்மாச்சி வீட்டுக்கு.

மூன்று ஊர்களுக்கும் சேர்த்து மிகக் குறைந்த தூரத்தில் இருக்கும் புள்ளி எது என்பது 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் ஃபெர்மா போட்ட புதிர். இத்தாலியின் டொரிசெல்லி விடை கண்டார். பாதரசத்தை வைத்துக் காற்றழுத்தமானி செய்த அதே டொரிசெல்லிதான். இந்தப் புதிரில் எனக்குப் பிடித்த பகுதி இது: மூன்று புள்ளிகளைச் சேர்த்து முக்கோணம் போடும்போது, ஏதாவது ஒரு முனையில் கோணம் 120 பாகையோ அதற்கு மேலோ இருந்தால், வேறெங்கும் தேட வேண்டாம், அந்த முனையே விடை. மேலூர், கப்பலூர், புதூர் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். புதூரில் கோணம் நன்றாக விரிந்திருக்கும், கிட்டத்தட்ட நேர்கோடு. இரண்டு புள்ளிகள் மட்டும் இருந்தபோது எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்று கைவிரித்த கணக்கு, மூன்றாவது புள்ளி வந்ததும் ஒரே ஒரு இடத்தைச் சுட்டியது.

இதைக் கணவரிடம் காட்டினேன். தாளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"கணக்கு சரிதான். ஆனா எனக்குத்தான தூரம் கூடும்?"

"ஆமாங்க. உங்களுக்குக் கூடும்."

"உனக்குக் குறையும்."

"பாப்பாவுக்கும் குறையும். அவளுக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்ல இருந்து போன் வந்தா யாருக்கு வரும்?"

அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் பதில் இருவருக்கும் தெரியும். பள்ளிப் படிவத்தில் முதல் எண் என்னுடையது. சாயங்காலம் அடுப்பைப் பற்ற வைப்பதும் நான்தான். இது இப்படித்தான் இருக்க வேண்டுமா என்பதை நாங்கள் தனியாகப் பேசியிருக்கிறோம், இப்போதும் பேசுகிறோம். கொஞ்சம் மாறியும் இருக்கிறது. ஆனால் வீடு பார்க்கும்போது ஆசைப்படும் நிலைமையை வைத்துப் பார்க்க முடியாது, இருக்கும் நிலைமையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். வீட்டுக்கு முதலில் வந்து சேர வேண்டியவர் யாரோ, அவர் பக்கம் வீடு சாய்ந்திருக்க வேண்டும். இதை நான் உறுதியாக நம்புகிறேன். பெரும்பாலான வீடுகளில் அது பெண். ஆனால் வீடு சாய்ந்திருப்பதோ ஆணின் வேலை இடத்துப் பக்கம். அதன் விளைவைக் காலை ஆறரை மணிக்கு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். சாப்பாட்டுக் கூடையோடு, ஈரத் தலையோடு, முடியைப் பின்னக்கூட நேரமில்லாமல் ஓடி வரும் பெண்கள் எத்தனை பேர்!

மாமியாருக்கு மனசு ஒப்பவில்லை. "அம்புட்டுத் தூரம் தினமும் வண்டியில போகணுமா அவன்?" என்றார்கள். அந்தக் கவலை பொய்யில்லை. ரிங் ரோட்டில் லாரிகள் போகும் வேகம் எனக்கும் வயிற்றைக் கலக்கும். மாட்டுத்தாவணியிலிருந்து பாண்டி கோயில், விரகனூர், சிந்தாமணி, மண்டேலா நகர் வழியாகக் கப்பலூர் வரை ரிங் ரோடு 27 கிலோமீட்டர். ஊருக்குள் புகுந்து போவதைவிடத் தூரம் அதிகம்தான், ஆனால் சிக்னல் குறைவு, நேரம் முன்கூட்டியே தெரியும். இன்றைக்கு நாற்பது நிமிஷம், நாளைக்கு ஒன்றரை மணி நேரம் என்ற அலைக்கழிப்பு இல்லை. எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பேன் என்று சொல்ல முடிவதுதான் குடும்பத்துக்கு முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

மாமியாரின் கவலைக்கு நாங்கள் கண்ட பதில் பஸ். மாட்டுத்தாவணியிலிருந்து திருமங்கலம் வழியாகப் போகும் ராஜபாளையம், விருதுநகர் பஸ்கள் உண்டு. மழை நாளிலும் உடம்பு சரியில்லாத நாளிலும் வண்டியை எடுப்பதில்லை என்று பேசி வைத்தோம். எனக்கு வேண்டிய மேலூர், திருப்பத்தூர், காரைக்குடி பஸ்களும் அதே பஸ் ஸ்டாண்டிலிருந்துதான். இரு திசைக்கும் ஒரே இடத்தில் பஸ் கிடைக்கிறது! நடுப்புள்ளி தேடுவதை விட்டு இப்படி ஒரு வாசலைத் தேடச் சொல்லுவேன், எதிரெதிர்த் திசையில் போகும் யாருக்கும். ஒரு பஸ் பற்றி எச்சரிக்கை: பைபாஸ் ரைடரில் ஏறிவிடாதீர்கள், அது வழியில் உள்ள ஊர்களுக்குள் வராது.

கட்டணத்தையும் பாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் மொபசல் பஸ்ஸுக்கு இது கிடையாது. அதனால் ஒரே தூரத்தில் இருக்கும் இரண்டு வீடுகளில், ஒன்றிலிருந்து போனால் மாதம் முழுக்க பஸ் செலவே இல்லாமலும், இன்னொன்றிலிருந்து போனால் ஆயிரத்துக்கு மேல் செலவாகவும் வாய்ப்புண்டு. டவுன் பஸ் எதுவரை போகிறது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுத்தான் வாடகையை ஒப்பிட வேண்டும். வாடகை ஐநூறு குறைவு என்று தள்ளிப் போய்விட்டு, அதை ஷேர் ஆட்டோவுக்குக் கொடுப்பதில் என்ன லாபம்?

திண்டுக்கல் ஒருவர், விருதுநகர் ஒருவர் என்றால் நான் வேறு மாதிரி சொல்வேன். அவர்களுக்கு ஜங்ஷன்தான் வாசல். ரயிலுக்குக் கோரிப்பாளையமும் தெரியாது, காளவாசலும் தெரியாது. சோழவந்தான், கொடைரோடு ஒரு பக்கம், திருப்பரங்குன்றம், திருமங்கலம் மறு பக்கம், மானாமதுரை இன்னொரு பக்கம். 150 கிலோமீட்டர் வரை சீசன் டிக்கெட் உண்டு. ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு இருந்தால் அவர்களுக்கு நடுவூரே நல்லது. ஆனால் வண்டி நேரம் நம் வேலை நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். போடி லைனை நம்பியிருந்த உசிலம்பட்டிக்காரர்களைக் கேளுங்கள். அகலப்பாதையாக்க 2010 கடைசியில் நிறுத்திய ரயில், தேனி வரை திரும்ப ஓடியது 2022 மே மாதம், போடி வரை 2023 ஜூனில். ஒரு குழந்தை பிறந்து ஆறாம் வகுப்புப் போகும் காலம் அது.

அதனால்தான் வரப்போவதை நம்பி வீடு பார்க்காதீர்கள் என்று சொல்கிறேன். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டருக்கு மெட்ரோ ரயில் என்ற திட்டம் வந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம்! அப்படியே எங்கள் கோடு அது. 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அதைத் திருப்பி அனுப்பிவிட்டது, 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 20 லட்சம் இல்லை என்று. தோப்பூர் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். கட்டட வேலை தொடங்கவே ஐந்து வருடம் ஆனது. அதற்குள் அந்தப் பக்கம் "எய்ம்ஸ் அருகில்" என்ற மனைப் பலகைகளுக்குக் குறைவில்லை. இந்தத் திட்டங்கள் வர வேண்டும், மதுரைக்கு அவை கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் நாளைக் காலை எட்டு மணிக்கு எந்த பஸ் வருகிறதோ அதை வைத்துத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

அட்வான்ஸ் என்றதும் ஒத்தி பற்றியும் சொல்ல வேண்டும். மதுரையில் ஒத்திக்கு வீடு பிடிப்பது பெரிய ஈர்ப்பு. மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லை, காலி செய்யும்போது பணம் முழுசாகத் திரும்பும். நிலையான வேலை உள்ள குடும்பத்துக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் இருவரில் ஒருவருக்காவது இடமாற்றம் வரக்கூடும் என்றால் யோசியுங்கள். அடுத்த ஆள் ஒத்திக்கு வந்து பணம் கொடுத்தால்தான் பல வீட்டுக்காரர்களால் நம் பணத்தைத் திருப்ப முடியும். கலந்தாய்வில் இடம் மாறி, பணம் இங்கே மாட்டி, புது ஊரில் அட்வான்ஸுக்குக் கடன் வாங்கிய ஒரு தோழியை எனக்குத் தெரியும். நாங்கள் வாடகையே போதும் என்று இருந்துவிட்டோம்.

எங்களுக்குக் கிடைத்தது புதூருக்கும் மாட்டுத்தாவணிக்கும் இடையில் ஒரு காம்பவுண்டு வீடு. இதை வேண்டாம் என்று சொன்னவர்கள் அதிகம். பிரைவசி இருக்காது, தண்ணிக்குச் சண்டை வரும் என்றார்கள். தண்ணிக்குப் பேச்சு வருவது உண்மைதான். ஆனால் எதிரெதிர்த் திசையில் வேலைக்குப் போகும் இருவருக்கு, ஒரே கேட்டுக்குள் ஐந்தாறு குடும்பம் என்பது எவ்வளவு பெரிய பலம் என்று அங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும். என் பஸ் ஒத்தக்கடையில் நின்றுபோன ஒரு சாயங்காலம், அம்மாவும் ஊரில் இல்லை. எதிர் வீட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். "நீ பதறாம வா. பாப்பா இங்கதான் இருக்கா. இட்லி சாப்பிட்டுட்டு எழுதிக்கிட்டு இருக்கா" என்றார்கள். சாவியை நம்பிக் கொடுக்க ஒரு கை இருந்தால், ஐந்து கிலோமீட்டர் கூடுதல் தூரத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

முடிவு செய்வதற்கு முன்னால் நாங்கள் செய்த ஒரு காரியத்தை மட்டும் எல்லாரும் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போகிறோம், ரோடு காலியாக இருக்கும், பத்து நிமிஷத்தில் வந்துவிட்டோம் என்று நம்பிவிடுகிறோம். வேலை நாளில், வேலை நேரத்தில், அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பிப் போய்ப் பாருங்கள். முக்கியமாகச் சாயங்காலம் திரும்பி வந்து பாருங்கள். அதிலும் முடிந்தால் ஒருவர் வழியில் மற்றவர் போய்ப் பாருங்கள். என் கணவர் ஒருநாள் லீவு போட்டு என்னோடு மேலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். நான் அவரோடு ரிங் ரோட்டில் வண்டியில் போனேன். அதன் பிறகு எங்கள் பேச்சில் "உனக்கென்ன, பஸ்ல உக்காந்துட்டுப் போற" என்பதும் இல்லை, "உங்களுக்கென்ன, வண்டியில பறந்துடுறீங்க" என்பதும் இல்லை.

இப்போது மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள், பள்ளி மாற வேண்டும். அம்மாவுக்கும் வயதாகிறது, அவர்களை எங்களோடு வரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அவர்கள் வந்துவிட்டால் மூன்றாவது புள்ளி புதூரில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. இத்தனை வருஷம் தூரத்தைச் சுமந்தவர் என் கணவர்தான். அதனால் இந்தத் தடவை திருநகர், ஹார்விபட்டி பக்கமும் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். அவர் உடனே போனை எடுத்து, திருநகரிலிருந்து காலை ஏழு மணிக்குள் மாட்டுத்தாவணிக்கு எத்தனை பஸ் என்று தன் நண்பரிடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.